கல்லூரி அண்ணனுக்குக் காதுகுத்து

பி.காம். இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது பணத்தைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமே இல்லை. பணம்தான் இல்லை. கோச்சடையிலிருந்து கல்லூரிக்குப் போய்வர பஸ்ஸுக்கும், மத்தியானம் ஒரு டீக்கும் அம்மா கொடுக்கும் சில்லறைதான் என் மொத்த நிதிநிலைமை. அப்படிப்பட்ட என்னைத்தான், வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்குப் பணத்தை எப்படிக் கையாள்வது, படித்து முடித்து என்ன வேலைக்குப் போவது என்றெல்லாம் சொல்லிக்கொடுக்கக் கல்லூரி தேர்ந்தெடுத்தது. எண்பதுகளின் தொடக்கம் அது. சனிக்கிழமைதோறும் பழங்காநத்தத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். கடைசியில் ஒரு சான்றிதழ் தருவார்கள். சான்றிதழ் தருவதாகச் சொன்னால் வைகையில் தண்ணீர் இல்லாதபோதுகூட நீச்சலடித்துக் காட்டியிருப்பேன், அந்த வயசு அப்படி.

என்னோடு வந்தவன் என் வகுப்புத் தோழன். சௌராஷ்டிரக் குடும்பம், வீட்டில் சேலை வியாபாரம். அவன் கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல இருக்கும். அந்த ஒரு தகுதியில்தான் அவனையும் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் வகுப்பில் அவன் செய்த ஒரே வேலை நான் உளறுவதைக் கரும்பலகையில் அழகாக எழுதியதுதான்.

முதல் நாள், "நீங்க எல்லாரும் என்னவாகப் போறீங்க?" என்று கேட்டேன். பையன்களில் முக்கால்வாசிப் பேர் கண்டக்டர் என்றார்கள்.

"ஏண்டா?"

"பை நிறையச் சில்லறைண்ணே."

"அது உன் காசு இல்லடா, கவர்மெண்டுக் காசு."

"இருக்கட்டும்ணே. நம்ம தோள்லதானே தொங்குது."

இன்னொரு வாரம் பெஞ்சைக் குறுக்கே போட்டு வங்கி நடத்தினோம். நான் மேனேஜர். ஒருவனைக் கேஷியராக உட்கார வைத்தேன். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். அவன் இரண்டு பேரைப் பார்த்தான், சிலேட்டில் 'சாப்பாட்டு நேரம்' என்று எழுதிப் பெஞ்சில் சாய்த்து வைத்தான், எழுந்து வெளியே போனான். பெல் அடிக்கிற வரைக்கும் வரவே இல்லை. வங்கிக்கணக்கே இல்லாத நான் அவனைத் திட்டினேன். தோழன் மட்டும், "இவனுக்கு இப்பவே வேலை போட்டுக் கொடுத்துரலாம் மாப்ள" என்றான்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த பிறகும் கொஞ்ச நாள் வகுப்பு தொடர்ந்தது. பாஸானவர்களுக்கு அடுத்து என்ன செய்வது என்று வழிகாட்டுவதற்காம். எங்களுக்கே அடுத்து என்ன செய்வதென்று தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. கல்லூரி கொடுத்த கையேட்டில் அந்த வாரப் பாடம் 'முதல் திரட்டும் வழிகள்'. சேமிப்பு, வங்கிக் கடன், உற்றார் உறவினர் என்று தோழன் பலகையில் எழுதி முடிப்பதற்குள் முன்பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். இரட்டைச் சடை. நான் எது சொன்னாலும் அதில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடிப்பதற்கென்றே வருகிற பெண். அவளைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும், கொஞ்சம் பயமும் வரும்.

"அண்ணே, எனக்கு முதல் வேணும்."

"என்ன தொழில் ஆரம்பிக்கப் போற?"

"பிளஸ் ஒன்."

டவுனில் ஒரு பெண்கள் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. கட்டணம், யூனிபார்ம், புத்தகம், தினமும் பஸ். அடுத்த வாரம் விட்டு வருகிற திங்கட்கிழமைக்குள் கட்டாவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். அப்பா இல்லை. அம்மா அப்பளக் கம்பெனியில் அப்பளம் தேய்க்கிறவர். பணம் கிடைக்காவிட்டால் மகளும் அங்கே வருவாள் என்று அம்மா ஏற்கெனவே கம்பெனியில் சொல்லி வைத்துவிட்டார்.

"அம்மா கெட்டவுக இல்லண்ணே. காசு இல்ல. அம்புட்டுதான்" என்றாள்.

நான் கையேட்டைப் பார்த்தேன். சேமிப்பு? கிடையாது. வங்கிக் கடன்? ஜாமீன் கேட்பார்கள். "நீங்க ஜாமீன் போடுறீகளாண்ணே?" என்று கேட்டாள். நான் அவசரமாக அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். உற்றார் உறவினர்? எல்லாரும் அதே கம்பெனியில் அதே மாவைத்தான் தேய்க்கிறார்கள்.

"எங்க தெருவுல மொத்தமாப் பணம் வேணும்னா ஏதாச்சும் விசேஷம் வைப்பாகண்ணே. மொய் வரும்ல" என்றாள்.

மதுரைப் பக்கத்தில் மொய் என்பது அன்பளிப்பு இல்லை. இன்றைக்கு உன் வீட்டு விசேஷத்துக்கு நான் எழுதுகிறேன், நாளைக்கு என் வீட்டு விசேஷத்துக்கு நீ அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்து எழுது. கையெழுத்து வேண்டாம், ஜாமீன் வேண்டாம், திருப்பிச் செய்யாதவன் தெருவில் தலைகாட்ட முடியாது, அவ்வளவே. இது கையேட்டில் இல்லை. இருந்தாலும் பெரிய மனுஷத்தனமாக, "அப்ப வைக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"என்னத்த வைக்கிறது? எனக்குக் காதுகுத்து, சடங்கு எல்லாம் முடிஞ்சிருச்சு. தம்பிக்கும் குத்தியாச்சு. வீட்டுல மிச்சம் இருக்கிறது என் கல்யாணம் ஒண்ணுதான். அத வச்சா மொய் வரும், ஆனா நான் போயிருவேன்."

வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். நான் கையேட்டை மூடி வைத்தேன். பிறகு அவள் பார்வை என்மேல் நின்றது.

"அண்ணே, செத்த அந்தப் பக்கம் திரும்புங்க."

திரும்பினேன்.

"இப்ப இந்தப் பக்கம்."

திரும்பினேன். அவள் கத்தினாள்: "அண்ணனுக்குக் காதே குத்தல!"

உண்மைதான். என் குடும்பத்தில் ஆண்பிள்ளைகளுக்கும் மொட்டை போட்டுத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்துவது வழக்கம். எனக்கும் குழந்தையாக இருந்தபோது அழகர்கோவிலில் நாள் குறித்து, கிடா வெட்டி, மொட்டையும் போட்டார்கள். ஆனால் கிடாவின் தலைக்கறி யாருக்கு என்பதில் அப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் வாய்த்தகராறு வந்து, மாமன் கோபித்துக்கொண்டு நடுவிலேயே கிளம்பிவிட்டார். மாமன் இல்லாமல் காது குத்த முடியுமா? வெறும் மொட்டையோடு வீட்டுக்குத் திரும்பினேன். அதற்கப்புறம் இரண்டு பேரும் பேச்சே கிடையாது. பதினெட்டு வருஷமாக ஓர் ஆட்டுத் தலைக்காக என் காது காத்துக் கிடந்தது.

முடியவே முடியாது என்றேன். அவள் விடவில்லை.

"வீட்டுல சும்மா கிடக்கிற சொத்தக் கண்டுபிடிங்கன்னு போன வாரம் நீங்கதானே சொன்னீக?"

"சொந்தச் சொத்துன்னு சொன்னேன்."

"ஏன், நீங்க எங்களுக்குச் சொந்தம் இல்லையாண்ணே?"

நாற்பது பிள்ளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோழன் அதற்குள் பலகையில், நான்காவது வழியாக, 'அண்ணன் காது' என்று முத்து முத்தாக எழுதிவிட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் தெருப் பிள்ளையார் கோவில் வாசல் என்று முடிவானது. அப்பளக் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. அதனால் வேலைக்குப் போகிற வழியில் எல்லாரும் வந்து எழுதிவிட்டுப் போகிற மாதிரி நேரம். கிடா கிடையாது, டீயும் வாழைப்பழமும்தான். செலவைக் குறைத்தால்தான் லாபம் என்று நான் சொல்லிக்கொடுத்ததை அவள் என்னிடமே திருப்பிச் சொன்னாள். என் தாய்மாமன் இடத்தில் உட்கார அவளுடைய தாய்மாமன் ஒத்துக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிற ஒல்லியான மனிதர். ஒத்திகைக்கு அவர் மடியில் உட்கார்ந்தபோது, "இம்புட்டு வெயிட்டு இருக்கும்னு அக்கா சொல்லலையே தம்பி" என்று மூச்சு வாங்கினார்.

வீட்டில் நான் சொல்லவில்லை. குத்திவிட்டு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் மதுரையில் போஸ்டர் இல்லாமல் ஒரு விசேஷம் நடந்துவிடுமா? பிள்ளைகள் பழைய பேப்பரில் சிவப்பு மையால் கொட்டை எழுத்தில் என் பேரைப் போட்டு, 'எங்கள் ஆருயிர் அண்ணன், பி.காம். இரண்டாம் ஆண்டு, அவர்களுக்குக் காதணி விழா. அனைவரும் வருக, மொய் தருக' என்று எழுதிப் பழங்காநத்தம் முழுக்க ஒட்டிவிட்டார்கள். சுவர் தீர்ந்துபோனதால், கண்டக்டராகப் போகிறவர்களில் ஒருவன் நின்றுகொண்டிருந்த ஒரு பஸ்ஸின் முதுகிலும் ஒன்றை ஒட்டினான். அந்த பஸ் அதற்கப்புறம் எங்கள் கோச்சடை வழியாகப் போகும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிறு காலை தெருவே கூடியிருந்தது. அவளுடைய அம்மாவும் மற்றப் பெண்களும் தூக்குவாளியோடு, வேலைக்குப் போகிற கோலத்திலேயே நின்றார்கள். யாரோ வாடகைக்கு விடுகிற மைக் செட்டைச் சும்மா கொண்டுவந்து வைத்திருந்தார்கள். தோழன் மேஜை போட்டு மொய் நோட்டோடு உட்கார்ந்தான். நான் மாலை போட்டுக்கொண்டு பஞ்சர் கடை மாமாவின் மடியில் உட்கார்ந்தேன். அவர் முகம் தெரியாத அளவுக்கு நான் மறைத்துக்கொண்டிருந்தேன். குத்த வந்த ஆசாரி என் காது மடலைப் பிடித்து, "முத்திப் போச்சே, வலிக்குமே" என்று ஆறுதலாகச் சொன்னார்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல்.

"எந்திரிடா மாப்ள அந்த ஆளு மடிய விட்டு!"

என் சொந்தத் தாய்மாமன். அவருக்குப் பழங்காநத்தம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரேதான் எண்ணெய்க் கடை. பேச்சு இல்லாததால் அந்தப் பக்கம் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது வழக்கம். கடைச் சுவரிலேயே போஸ்டர் ஒட்டியிருக்கிறார்கள். கையில் தேங்காய் பழத் தட்டு, தட்டில் ஒரு ஜோடி கடுக்கன். "பதினெட்டு வருஷமாப் பெட்டிக்குள்ள வச்சிருக்கேன். நான் குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கையில எவன்டா தாய்மாமன்?" என்றார். கண்கள் கலங்கியிருந்தன. எனக்கும் என்னவோ போல் ஆனது. எனக்கு அடியில் இருந்தவர் மட்டும், "நல்லவேளை வந்தீக, கால் மரத்துப் போச்சு" என்றார்.

நான் எழுந்திருப்பதற்குள் சைக்கிள் வந்து நின்றது. அப்பா. கேரியரில் பஸ்ஸிலிருந்து கிழித்த போஸ்டர்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. அப்பாவும் மாமாவும் ஒரு முழ தூரத்தில் நின்றார்கள், ஆனால் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. "ஆசாரி, அந்த ஆளு மடியில எம் மகன் உக்காந்தா நடக்கிறதே வேறன்னு சொல்லு" என்றார் அப்பா. ஆசாரி ஊசியோடு மாமா பக்கம் திரும்பினார். "ஆசாரி, என் உரிமைய எவனாலயும் பறிக்க முடியாதுன்னு சொல்லு" என்றார் மாமா. ஆசாரி ஊசியோடு அப்பா பக்கம் திரும்பினார். ஊசி போகிற பக்கமெல்லாம் என் காது கூசியது. பேச்சு அழகர்கோவிலுக்குப் போய், அன்றைக்குக் கறி சமைத்த மாந்தோப்புக்குப் போய், கிடாவின் கொம்பு நீளம் வரைக்கும் போனது.

வெயில் ஏறியது. மொய் எழுத வந்தவர்கள் முந்தியில் முடிந்த காசை அவிழ்க்கவில்லை. "காது குத்தாம எப்படி எழுதுறது?" என்று ஒரு அம்மா கிளம்பினார். இன்னும் நாலைந்து பேர் பின்னாலேயே நகர்ந்தார்கள். அந்தப் பெண்ணின் அம்மா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மகளிடம், "நேரமாச்சு ஆத்தா. விடு, இது ஆகாது. நீயும் என்கூடவே வந்துரு, இன்னைக்கே பேர் குடுத்துரலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு நேரே போய் மைக்கைப் பிடுங்கினாள்.

"ரெண்டு மாமாவும் கோச்சடை அப்பாவும் கேளுங்க. அண்ணனுக்கு ரெண்டு காது இருக்கு. வலது காது எண்ணெய்க் கடை மாமா மடியில. இடது காது பஞ்சர் கடை மாமா மடியில. சண்டைய அதுக்கப்புறம் போடுங்க, டீ தாரோம். இவுகளுக்கெல்லாம் வேலைக்கு லேட்டானா அரை நாள் கூலி போயிரும்."

அப்பா வாயைத் திறப்பதற்குள் என் மாமா உட்கார்ந்துவிட்டார், நானும் அவர் மடியில் விழுந்துவிட்டேன், ஆசாரியும் குத்திவிட்டார். மைக்கை அவள் என் வாய்க்குப் பக்கத்தில்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். என் அலறல் பழங்காநத்தம் முழுக்கக் கேட்டது. கிளம்பிப் போன அம்மாக்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் திரும்பி வந்தார்கள். இடது காதுக்கு மடி மாறினேன். இரண்டாவது அலறல் முதலாவதைவிடத் தரமாக இருந்ததாகத் தோழன் பிறகு சொன்னான்.

மொய் பொழிந்தது. தோழன் எழுதி எழுதி மைக்கில் வாசித்தான். மொய் எழுதியவர்கள் போனபின் அப்பா எழுந்து, "மொய்ப் பை யார்கிட்ட?" என்றார்.

அவள் மஞ்சள் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இது எம் மகன் விசேஷம். நாளைக்கு இவுக வீட்டு விசேஷத்துக்கெல்லாம் திருப்பி எழுத வேண்டியது நான். அப்ப இது யார் பணம்?"

எங்கள் ஊர் முறைப்படி அது அப்பாவின் பணம்தான். முதல் திரட்டியபோது இதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை, வணிகவியல் படிக்கிற இரண்டு மேதைகளையும் சேர்த்து. அவளுக்கும் அது அப்போதுதான் உறைத்தது. முகம் சுண்டிப்போனது. ஆனாலும் பையை விடவில்லை.

"உனக்கு எதுக்குப் பணம்?"

"பிளஸ் ஒன்னு படிக்க."

"அதுக்கு எதுக்கு எம் மகன் காது?"

"அதுதான்ப்பா குத்தாம இருந்துச்சு."

மாமாதான் முதலில் சிரித்தார். அப்பா அவரை முறைத்தார். முறைத்தபடியே, ஆசாரி இல்லாமல் நேராகக் கேட்டார்: "நீ என்ன மாப்ள சொல்ற?"

"தலைக்கறியத்தான் அன்னைக்கு விடல. இதையாச்சும் விடுங்க மச்சான்."

அப்பா தோழனிடம் கை நீட்டினார். "பணம் அதுகிட்ட இருக்கட்டும். நோட்ட என்கிட்ட குடு" என்றார். அதாவது கடன் மட்டும் எங்கள் வீட்டுக்கு. அவளுடைய அம்மா கும்பிடப் போனார். அப்பா அதைத் தடுத்து, "டீ குடுக்கிறதாச் சொன்னாகளே?" என்றார்.

திங்கட்கிழமை அவள் பள்ளியில் சேர்ந்தாள். அப்பா நோட்டைப் பார்த்துப் பார்த்துப் பழங்காநத்தத்தில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் சைக்கிளில் கிளம்பினார். முதலில் முனகிக்கொண்டுதான் போனார். வாழைப்பழத்துக்கு எழுதியவர்களெல்லாம் ஆட்டுக்கறிப் பிரியாணி போடுவதைக் கண்டபின் முனகல் நின்றது. மாமாவும் கூடப் போவார். இருவரும் பக்கத்துப் பக்கத்து இலை. என்னைவிட அப்பாவைத்தான் அந்தத் தெருவுக்கு அதிகம் தெரியும் என்றானது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான், மறைப்பானேன்.

அவள் பிளஸ் டூ முடித்தாள். டைப்ரைட்டிங் பாஸ் செய்தாள். பரீட்சை எழுதி ஓர் அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்தாள். நான் பி.காம். முடித்து இரண்டு வருஷமாக விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு வேலைவாய்ப்பு வழிகாட்டியதற்கான சான்றிதழை ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் இணைத்தேன். ஒருவரும் கூப்பிடவில்லை. அப்பா என்னோடு பேசுவது குறைந்துபோயிருந்தது.

அப்படி ஒரு காலையில் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். முதல் சம்பளம். "நோட்டக் குடுங்கப்பா. இனிமே நான் செய்யிறேன்" என்றாள்.

அப்பா பதறிப்போனார். "அது எதுக்கு இப்ப? அங்க எல்லாரும் எனக்குப் பழக்கமாயிட்டாக" என்று இழுத்தார். பந்தி போய்விடுமே என்கிற கவலை முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. கடைசியில் அவள் எழுதுவது, அப்பா சாப்பிடுவது என்று உடன்பாடு ஆனது. அடுத்த வாரமே அந்தத் தெருவில் ஒரு கல்யாணம். என்னையும் வரச் சொன்னாள். வேலை என்னாச்சு என்று நாலு பேர் கேட்பார்களே என்று தயங்கினேன். "வாங்கண்ணே, நான் பேசிக்கிறேன்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

மொய் மேஜையில் அவள் பணத்தை வைத்து முதலில் அப்பா பேரைச் சொன்னாள். எழுதுகிறவர் எழுதினார். அவள் பைக்குள் கைவிட்டு இன்னும் கொஞ்சம் எடுத்துத் தனியாக வைத்தாள்.

"இது யார் பேர்ல?"

"எங்க அண்ணன் பேர்ல" என்று என் பேரைச் சொன்னாள்.

"தம்பி என்ன பண்றாக?"

"எங்களுக்கு வாத்தியார்."

மைக்கில் என் பேரை வாசித்தார்கள். அப்பா திரும்பி என்னைப் பார்த்தார், ரொம்ப நாளைக்கப்புறம். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. பிரியாணி காரம் என்று சொன்னேன். இன்னும் பந்தியே ஆரம்பிக்கவில்லை.